கோழிக்குக் கண் வீங்கினால்: முள்ளா, சீக்கா? சில கேள்விகள், பதில்கள்

கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நீடாமங்கலம் பக்கம் வீடு. கொல்லையில் எப்போதும் இருபது, இருபத்தைந்து நாட்டுக்கோழி மேயும். சம்பா அறுவடை தொடங்கினால் போதும், "கோழிக்குக் கண் வீங்கிப்போச்சு" என்ற கேள்வியும் தொடங்கிவிடும். இந்த வாரம் வந்தவற்றுக்கு ஒரே மூச்சில் பதில் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. ஊசி, மாத்திரை அளவை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

வலங்கைமானிலிருந்து ஓர் அம்மா: ஐயா, களத்தில் மேய்ந்துவிட்டு வந்த பெட்டைக்கு இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. நேற்றுக் காலை நன்றாகத்தான் இருந்தது. முள் குத்தியதா, சீக்கா?

முதலில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதைத் தனியாக அடையுங்கள் அம்மா. முள்ளா சீக்கா என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்குத் தண்ணீர்க் கிண்ணமும் தனியாக இருக்கட்டும்.

அப்புறம், கண்ணை விட்டுவிட்டு மூக்கைப் பாருங்கள். கோழிக்குக் கண்ணுக்குக் கீழே, அலகுப் பக்கமாக ஒரு காற்றறை இருக்கிறது. மூக்கோடு தொடர்புள்ளது அது. சளி நோய் வந்தால் அந்த அறைதான் நிரம்பும். அதனால் நோய் வீக்கம் கண்ணுக்குக் கீழே கன்னம் உப்பியது மாதிரி தெரியும். கொத்தோ முள்ளோ பட்டிருந்தால் வீக்கம் பெரும்பாலும் இமையிலேயே நிற்கும். கீறலோ காய்ந்த ரத்தமோ தென்படும். கண்ணீர் தெளிவாக வடியும்.

பொழுது சாய்ந்து கோழி அடைந்த பிறகு எடுங்கள், திமிறாது. இறக்கையோடு சேர்த்துத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மூக்குத் துவாரத்துக்கு மேலே மெல்ல அழுத்துங்கள். நீரோ சளியோ வந்தால் நோய்ப் பக்கம் சாயுங்கள். மூக்கில் தவிடு ஒட்டிக் காய்ந்திருந்தாலும் அப்படியே. தலையருகே முகர்ந்தும் பாருங்கள். கொரைசா என்கிற தொற்றுச் சளியில் ஒரு கெட்ட நாற்றம் இருக்கும், ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். கழுத்தோரச் சிறகு பிசுபிசுத்துக் கிடந்தால், வடியும் கண்ணை அதில் துடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மூக்கு சுத்தமாக இருந்தால் டார்ச் அடித்துக் கண்ணைத் திறந்து பாருங்கள். கோழிக்கு மூன்று இமை. உள்ளே பக்கவாட்டில் ஓடும் அந்த மெல்லிய மூன்றாவது இமைக்கு அடியில்தான் கருக்காயும் (மணி பிடிக்காத நெல்) தூசும் போய் ஒளிந்துகொள்ளும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மன்னார்குடித் தம்பி ஒருவர்: ஒரு கண் வீங்கினால் அடி, இரண்டும் வீங்கினால் நோய் என்கிறார்களே, சரிதானா?

பாதி சரி. அந்த மீதிப் பாதியில் ஏமாந்தவன் நான்தான் தம்பி. சில வருடம் முன்னால் என் விடைக்கோழி ஒன்றுக்கு வலது கண் மட்டும் வீங்கியது. முந்தின நாள்தான் சேவல் அதை விரட்டிக் கொத்தியதைக் கண்ணால் பார்த்திருந்தேன். கொத்துதான் என்று முடிவு கட்டி, மந்தையோடு விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் கூண்டைத் திறந்தால் ஆறு கோழிக்கு மூக்கு ஒழுகுகிறது. கொரைசா. ஊருக்கெல்லாம் சொல்கிறவன் வீட்டில் இப்படி!

கொரைசா ஒரு பக்கத்திலும் தொடங்கலாம். தொற்றிய ஒன்றிலிருந்து மூன்று நாளில் வெளியே தெரிந்துவிடும். ஆகவே கண் எண்ணிக்கையைவிட மற்ற கோழிகள் என்ன செய்கின்றன என்பதுதான் துப்பு. நாலைந்து நாள் கழித்தும் வேறு ஒன்றுக்கும் தும்மல் இல்லை, மூக்கு ஒழுகவில்லை என்றால் அடிதான் என்று ஓரளவு நம்பலாம். பிழைத்த கோழி பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் கிருமியைச் சுமந்துகொண்டே திரியும். புதுக்கோழி வாங்கி விடும்போது அதற்குத் தொற்றும். சந்தையில் வாங்கியதை ஒரு மாதம் தனியே வைக்கச் சொல்வது இதனால்தான். ஒரு நல்ல செய்தி: இந்தக் கிருமி உடம்புக்கு வெளியே இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. கூண்டைக் கழுவி, காலியாக வெயிலில் காயப் போடுங்கள்.

சீர்காழி: கண் மூலையில் சோப்பு நுரை மாதிரி குமிழி. இரவில் கர் கர் என்று மூச்சு. தீனி எடுக்கிறது.

நுரை என்றதும் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியைத்தான் சந்தேகப்பட வேண்டும். நாள்பட்ட சுவாச நோய். மெதுவாக இழுத்தடிக்கும். இது முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும், அந்தக் கோழியின் முட்டையை அடைக்கு வைக்காதீர்கள். மருந்தை மருத்துவர் எழுதித்தர வேண்டும். ஆன்டிபயாட்டிக் கொடுக்கும்போது எத்தனை நாள் முட்டையும் கறியும் சாப்பிடக்கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை.

பட்டுக்கோட்டை: இமையில் மரு மாதிரி கொப்புளம், கொண்டையிலும் இருக்கிறது. கிள்ளி எடுக்கலாமா?

கூடாது. அம்மை அது. உதிரும் பொருக்கில்தான் வைரஸ் இருக்கிறது. கொசுக்கடியால் பரவும். நம் பக்கம் வாய்க்காலும் வயலுமாக இருப்பதால் கொசுவுக்குப் பஞ்சமில்லை. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவதில் தவறில்லை, கண்ணுக்குள் போகாமல் பூசுங்கள். வைரஸை அது கொல்லாது. இரண்டு முதல் நான்கு வாரத்தில் பொருக்கு தானாக உதிரும். அதுவரை கண் மூடிய கோழிக்குத் தீனியை அலகருகே வைத்து ஊட்டிவிட வேண்டும். இதில் சாவு பெரும்பாலும் பட்டினியால்தான். வாய்க்குள் மஞ்சள் படலம் இருந்தால் விஷயம் மோசம், கால்நடை மருந்தகம் போங்கள்.

கும்பகோணம்: வீட்டில் எங்களுக்கு எழுதித்தந்த கண் சொட்டு மருந்து மீதி இருக்கிறது. விடலாமா?

வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்து, கோழியின் கருவிழியில் கீறலும் இருந்தால் புண் ஆழமாகிக் கண்ணே போய்விடும்.

உப்புத் தண்ணீர் போதும். அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் உப்பு. சுத்தமான பருத்தித் துணியை நனைத்து, வெதுவெதுப்பாகக் காலை மாலை ஒற்றி எடுங்கள். பொருக்கு ஊறி விடும், பிய்க்க வேண்டாம். தாய்ப்பால் விடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பாட்டியும் விட்டிருக்கிறார், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

திருத்துறைப்பூண்டி: வீக்கம் கல் மாதிரி கெட்டி. பிளேடால் கீறினால் சீழ் வந்துவிடாதா?

வராது. மனிதச் சீழ் போல் கோழிச்சீழ் ஓடாது, பாலாடைக்கட்டி மாதிரி இறுகி நிற்கும். கீறினால் ரத்தம்தான் மிச்சம். மருத்துவர் மரக்கச்செய்து எடுப்பார். ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டாத தூரமில்லை.

பாபநாசம்: இரண்டு கண்ணிலும் தயிர் மாதிரி வெள்ளை. மூக்கில் நாற்றம் இல்லை. நொய் மட்டும்தான் போடுகிறோம்.

கூண்டிலேயே அடைத்து நொய் மட்டும் போட்டால் வைட்டமின் ஏ குறையும், அதில் இப்படி ஆகும். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை நறுக்கிப் போடுங்கள். கண்ணில் நூல் போல ஏதாவது நெளிகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். கரப்பான் பூச்சியைத் தின்பதால் வரும் கண்புழு உண்டு.

வேதாரண்யம்: மழையில் நாலு நாள் அடைத்து வைத்தோம். எல்லாக் கோழியும் கண்ணைச் சுருக்குகிறது.

கூண்டுக்குள் தலையை விட்டு மூச்சிழுங்கள். உங்கள் கண் எரிந்தால் எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாதான். நனைந்த உமியை வாரிக் கொட்டிவிட்டுக் காற்றோட்டம் விடுங்கள்.

நாகப்பட்டினம்: எப்போது பயப்பட வேண்டும்?

தலை முழுக்க வீங்குவது, கொண்டை நீலமாவது, பச்சையும் வெள்ளையுமாகக் கழிவது, கழுத்து திருகுவது, ஒரே நாளில் இரண்டு மூன்று சாவது. வெள்ளைக்கழிச்சலாகவும் இருக்கலாம், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். அறுத்துச் சாப்பிடாதீர்கள், விற்காதீர்கள், வாய்க்காலில் வீசாதீர்கள். மருந்தகத்துக்கோ 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ உடனே சொல்லுங்கள். பிள்ளைகளைக் கிட்டே விடவேண்டாம். வெள்ளைக்கழிச்சல் கிருமி பட்ட கையால் கண்ணைக் கசக்கினால் நமக்கும் கண் சிவக்கும்.

வலங்கைமான் அம்மா, மறுநாள்: மூக்கு சுத்தம் ஐயா, நாற்றமும் இல்லை. டார்ச் அடித்தால் உள் இமைக்குக் கீழே பாதிக் கருக்காய்! உப்புத் தண்ணீர் ஊற்றியதும் வந்துவிட்டது. இன்று பாதிக் கண் திறக்கிறது. வெளியே விடட்டுமா?

இன்னும் மூன்று நாள் பஞ்சாரத்திலேயே இருக்கட்டும். ரத்தமோ புண்ணோ கண்டால் மற்ற கோழிகள் கொத்தும். தினமும் வெளிச்சத்தில் கருவிழியைப் பாருங்கள். வெண்புள்ளி தெரிந்தால் கூடையில் போட்டு மருந்தகத்துக்குத் தூக்கிப் போய்விடுங்கள்.