தாய்க்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தால் மகளுக்கும் எலும்புப்புரை வருமா?

மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நிலையான எலும்புப்புரை மரபுவழியா என்ற கேள்விக்கு, பெருமளவு ஆம் என்றாலும், அது ஒற்றை மரபணுவின் வேலையன்று என்பதே விடை.

இரட்டையர் ஆய்வுகளின்படி, எலும்பு அடர்த்தியில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 50 முதல் 85 விழுக்காடு மரபைச் சார்ந்தது. எனினும் மரபின் பிடி, முப்பது வயதையொட்டி எட்டும் உச்ச அடர்த்தியில்தான் வலுவாகத் தெரிகிறது. மாதவிடாய் நின்று, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்தபின் எலும்பு கரையும் வேகத்தில் அது அவ்வளவு தெளிவாக இல்லை.

1994இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வைட்டமின் டி ஏற்பியின் (உயிரணுக்களில் அந்த வைட்டமினைப் பற்றிச் செயல்படவைக்கும் புரதத்தின்) மரபணுவே பெரும்பங்கு வகிப்பதாக அறிவித்தபோது எழுந்த பரபரப்பு, பின்னர் வந்த பெரிய ஆய்வுகளில் அடங்கிப்போனது. (அந்த மரபணுவை இன்றும் சிலர் முதன்மைக் காரணமாக எழுதுவது வியப்பளிக்கிறது.) இப்போது அறியப்பட்ட மரபணு இடங்கள் நூற்றுக்கணக்கானவை, தனித்தனியே ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறியது.

அரிய நோய்களே அதிகம் கற்பித்தன. ஸ்க்லெரோஸ்டின் என்பது எலும்பு உருவாவதைத் தடுக்கும் புரதம். அதை உண்டாக்கும் மரபணு செயலிழந்த ஆப்பிரிக்கானர் எனப்படும், பெரும்பாலும் டச்சு வழிவந்த தென்னாப்பிரிக்க வெள்ளையர் குடும்பங்களில் எலும்புகள் அளவுமீறித் தடித்திருந்தன; அந்த அறிவிலிருந்து பிறந்த, ஸ்க்லெரோஸ்டினைத் தடுக்கும் ரோமோசோசுமாப் என்ற ஊசிமருந்துக்கு 2019இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

நடைமுறையில் மரபணுப் பரிசோதனை தேவைப்படுவதில்லை. பெற்றோரின் இடுப்பெலும்பு முறிவு, எலும்பு முறிவு அபாயத்தைக் கணிக்கும் ஃப்ராக்ஸ் கணிப்பானிலேயே ஒரு கேள்வியாக உள்ளது. ஆகவே அதை மருத்துவரிடம் தெரிவித்து, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எப்போது எடுக்கலாம் என்று கேளுங்கள்.