நாடகத்தில் முரண்நகையும் உருவகமும் எப்படிப் பிடிபடும்?

கேள்வி: கல்லூரியில் ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகம் பாடம். வசனத்துக்குப் பொருள் தெரிகிறது. ஆனால் முரண்நகை (பாத்திரத்துக்குத் தெரியாத பொருள் பார்ப்பவருக்குத் தெரிவது) எங்கே, உருவகம் எதற்கு என்பது நோட்ஸ் பார்த்தால்தான் தெரிகிறது. என்ன செய்யலாம்?

நோட்ஸை மூடிவிட்டு ஒரு திருவிழா நாடகம் பாருங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. நான் தொண்டிப் பக்கம். எங்கள் கடற்கரை ஊர்களில் கோயில் திருவிழா என்றால் விடிய விடிய நாடகம் நடக்கும். மணலில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கும் ஆத்தாக்களுக்கு முரண்நகை என்ற சொல்லே தெரியாது, ஆனால் ஒரு இடத்தைக்கூடத் தவறவிட மாட்டார்கள். மேடையில் யாருக்கு எது தெரியும், யாருக்குத் தெரியாது என்ற கணக்கு அவர்கள் மனசில் ஓடிக்கொண்டே இருக்கும்.

அரிச்சந்திரன் மயான காண்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பு கடித்துச் செத்த மகனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி சுடுகாட்டுக்கு வருகிறாள். காவல் காப்பவன் அரிச்சந்திரன். இருட்டில் ஒருவரை ஒருவர் தெரியவில்லை; நமக்கு இருவரையும் தெரியும். அவன் கால் பணம், முழத்துண்டு கேட்கிறான். இல்லை என்று அழுகிறாள். "கழுத்தில் தாலி கிடக்கிறதே, அதை விற்றுக் கொண்டு வா" என்கிறான். அந்தத் தாலி புருஷன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் என்பது அவள் பெற்ற வரம்! இதைவிடக் கொடூரமாக ஒருவன் கேட்க முடியாது. அந்தக் கேள்விதான் அவன் யார் என்று அவளுக்குக் காட்டிக்கொடுக்கிறது. சொன்னவனுக்கு மட்டும் தான் என்ன சொன்னோம் என்று தெரியாது. ராஜபார்ட் (ராஜா வேஷம் கட்டுகிறவர்) நல்ல நடிகராக இருந்தால் அந்த வரிக்குப் பிறகு ஆர்மோனியத்தைக்கூட நிறுத்தச் சொல்லிவிடுவார்.

வள்ளி திருமணத்தில் இதே கணக்கு சிரிப்பாக மாறும். முருகனையே நினைத்திருக்கும் வள்ளி, கிழவனாக வந்த முருகனைத் திட்டித் தீர்ப்பாள்.

இனி மாக்பெத். உருவகத்துக்கு 2ஆம் அங்கம் 2ஆம் காட்சி. மன்னன் டங்கனைக் கொன்றுவிட்டு வந்த மாக்பெத், கடல் மொத்தமும் சேர்ந்தாலும் இந்தக் கையைக் கழுவாது, இந்தக் கைதான் கடலையே சிவப்பாக்கும் என்கிறான். அவன் மனைவியோ கொஞ்சம் தண்ணீர் போதும் என்கிறாள். இதை 'உயர்வு நவிற்சி', அதாவது மிகைப்படுத்திச் சொல்வது, என்று எழுதி மார்க் வாங்கலாம். ஆனால் பார்க்க வேண்டியது, ஒரே ரத்தத்தை இருவரும் எந்த அளவில் அளக்கிறார்கள் என்பது. 5ஆம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்தபடி கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறவள் அவள்தான். உருவகத்தைக் கண்ட இடத்திலேயே விட்டுவிடாதீர்கள். பின்னால் எங்கே, யார் வாயில், யார் கையில் திரும்பி வருகிறது என்று தேடுங்கள்.

முரண்நகைக்கு 1ஆம் அங்கம் 4ஆம் காட்சி. துரோகம் செய்த காடர் பிரபுவைப் பற்றி மன்னன் டங்கன் பேசுகிறான்: முகத்தைப் பார்த்து மனசைப் படிக்க வழியே இல்லை, அவனை முழுக்க நம்பினேன் என்று. அந்தப் பட்டத்தை மாக்பெத்துக்குக் கொடுத்தாயிற்று. வாக்கியம் முடிகிற இடத்தில் மாக்பெத் உள்ளே வருகிறான். மேடையில் இது யாருக்கும் தப்பாது. புத்தகத்தில் அது சாய்வெழுத்தில் ஒரே ஒரு மேடைக்குறிப்பு. அவசரமாகப் படிக்கிறவர்கள் தாண்டிப் போவது அந்த மாதிரி வரிகளைத்தான்.