கொழுந்தன்மார் சம்மதம் இல்லாமல் தத்து எடுக்கலாமா?

கேள்வி: குலசேகரம் பக்கம் எங்களுக்கு வீடும் ரப்பர் தோட்டமும் உண்டு. எனக்கு வயது 42, பிள்ளை இல்லை. கணவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். தங்கையின் பத்து வயது மகனைத் தத்து எடுக்க ஆசை. பதினாறாம் நாளிலேயே வீட்டுச் சாவியைக் கேட்ட கொழுந்தன்மார், தாங்கள் கையெழுத்துப் போடாமல் தத்து செல்லாது என்கிறார்கள். தங்கை கணவர் துபாயில் இருக்கிறார். என்ன செய்வது?

பதில்: சாவி கேட்டது, மனசு நொந்தது எதுவும் கோர்ட்டில் எடுபடாது, விட்டுவிடுங்கள். கொழுந்தன்மார் சம்மதம் உங்களுக்குத் தேவையில்லை. கணவர் அனுமதி தராமல் இறந்திருந்தால் பங்காளிகள் சம்மதத்தோடு விதவை தத்து எடுக்கலாம் என்று 1868-ல் ராமநாதபுரம் ஜமீன் வழக்கில், வெள்ளைக்காரன் காலத்துக் கடைசி அப்பீல் கோர்ட்டான பிரிவி கவுன்சில் சொன்னது, அதைத்தான் ஊரில் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 1956-ல் வந்த இந்து தத்தெடுப்புச் சட்டத்தோடு அது முடிந்துபோனது. இப்போது கேட்கிற சம்மதம் பிள்ளையைக் கொடுக்கிற தாய், தகப்பன் இருவருடையது.

சிக்கல் இங்கேதான். தங்கை கணவர் போனில் சரி என்றார் என்று தங்கை மட்டும் கையெழுத்துப் போட்டுப் பத்திரம் முடிப்பார்கள். பையன் பழையபடி தங்கை வீட்டிலேயே இருப்பான், ரேஷன் கார்டிலும் பள்ளிக்கூடத்திலும் பழைய தகப்பன் பெயர்தான். நீங்கள் உயிரோடு இருக்கும்வரை யாரும் கேஸ் போட மாட்டார்கள். தத்து தோற்றால், கணவர் வழி உங்களுக்கு வந்த சொத்து உங்களுக்குப் பின் கணவரின் வாரிசுகளுக்கே போகும், அதனால் அவர்கள் காத்திருப்பார்கள். நீங்கள் இல்லாத கோர்ட்டில், பிள்ளையைக் கையில் கொடுத்து வாங்கியதை அந்தப் பையன் யாரை வைத்து நிரூபிப்பான்? இப்படித் தெருவில் நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் கறாராகச் சொல்கிறேன்: தங்கை கணவர் லீவில் வரட்டும், நாலு பேர் முன்னால் பிள்ளையை ஒப்படைக்கட்டும், மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்யுங்கள், அன்றிலிருந்து அவன் உங்கள் வீட்டில் வளரட்டும். பதிவான பத்திரம் இருந்தால் தத்து செல்லாது என்று நிரூபிக்கிற பொறுப்பு எதிராளி தலையில் விழும்.

கூடவே உயில் எழுதுங்கள். ‘என் தத்துப்பிள்ளைக்கு’ என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், இன்னாருடைய மகன் இன்னார், தத்து செல்லாவிட்டாலும் அவனுக்கே என்று பெயர் சொல்லி எழுத வேண்டும்.

மாமியார் இருக்கிறாரா என்று எழுதவில்லை. இருந்தால் கணவரின் தனிச்சொத்தில் பாதி அவருடையது, தத்து எடுத்ததால் அது திரும்பி வராது. அதற்காகக் குழித்துறை கோர்ட்டுக்கும் பத்மநாபபுரம் கோர்ட்டுக்கும் வருஷக்கணக்கில் அலைவதைவிடப் பேசி முடியுங்கள். பத்து சென்ட் கூடப் போனாலும் போகட்டும், பாகப்பிரிவினை செய்து, அதே கொழுந்தன்மாரைத் தத்துப் பத்திரத்தில் சாட்சியாகக் கையெழுத்துப் போட வையுங்கள். சட்டத்துக்கு அவர்கள் சம்மதம் வேண்டாம்தான், ஆனால் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நாளை வந்து தத்தே நடக்கவில்லை என்று சொல்வது லேசில்லை. தங்கை கணவருக்கு எந்த மாதம் லீவு என்று கேட்டு, அதற்குள் பேச்சை முடிக்கப் பாருங்கள்.