SQL (டேட்டாபேஸில் கேள்வி கேட்கும் மொழி) வினவலில் லெஃப்ட் ஜாயின் (LEFT JOIN: இடப்பக்க அட்டவணையின் எல்லா வரிசைகளையும் வைத்துக்கொள்ளும் இணைப்பு) போட்டும் ஆர்டர் இல்லாத வாடிக்கையாளர்கள் வரவில்லையா?

ஆர்டர் தேதி 2024 என்ற நிபந்தனையை 'வேர்' (WHERE, வடிகட்டும் நிபந்தனை) பகுதியிலிருந்து எடுத்து, 'ஆன்' (ON, இணைக்கும் நிபந்தனை) வரியில் 'ஆண்ட்' (AND) போட்டுச் சேருங்கள். அந்த வருடம் எதுவும் வாங்காதவர்களும் பட்டியலுக்கு வந்துவிடுவார்கள்.

ஆர்டர் இல்லாதவர்களுக்குத் தேதி 'நல்' (NULL, மதிப்பு இல்லை) ஆக இருக்கும். ஜாயின் முடிந்த பிறகு 'வேர்' அந்த வரிசைகளைக் கழித்துவிடும். லெஃப்ட் ஜாயின் போட்டதே வீண். எம்.ஐ.எஸ். (மேலாண்மைத் தகவல் முறைமை) பாட டேட்டாபேஸ் அசைன்மென்ட்டில் பலர் மாட்டுவது இங்கேதான்.

சந்தேகமாக இருந்தால் 'வேர்' இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். காணாமல் போனவர்கள் வந்துவிட்டால் இதுதான் காரணம்.

அப்புறம், ஒவ்வொருவரின் ஆர்டர் எண்ணிக்கைக்கு 'கவுண்ட்'டுக்குள் (COUNT) நட்சத்திரக் குறி வேண்டாம், ஆர்டர் எண் (order ID) நெடுவரிசையைக் கொடுங்கள். இல்லாவிட்டால் பூஜ்ஜியம் வர வேண்டிய இடத்தில் 1 வரும், மதிப்பெண் போய்விடும். வாடிக்கையாளரின் ஊர் போன்ற, இடப்பக்க அட்டவணை நிபந்தனைகளை மட்டும் 'வேர்' பகுதியிலேயே விடுங்கள்.