பூங்காவில் படைவீரர் நினைவிடம்: கேள்வியும் பதிலும்

நகராட்சி, மாநகராட்சிப் பூங்காவுக்குள் படைவீரர் நினைவிடம் எழுப்ப முனைந்திருக்கும் சங்கத்தார் கேட்டவை இவை. இடம், கல், எழுத்து, கட்டுமானம் பற்றி மட்டும் பதில் சொல்கிறேன். ஓய்வூதியம், கேன்டீன் கார்டு பற்றிக் கேட்ட நால்வரும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள்.

திருப்பத்தூர், சங்கச் செயலாளர்: பூங்காவில் கிழக்கு மூலையை எடுத்துக்கொள்ளச் சொல்லி நகராட்சித் தலைவர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். பூமி பூஜைக்கு நாள் பார்க்கலாமா ஐயா?

பார்க்காதீர்கள். வாய்மொழி அவர் பதவியில் இருக்கும்வரைதான்.

முதலில் நகர நில அளவைப் பதிவேட்டில் அந்த இடம் என்னவென்று பாருங்கள். மனைப்பிரிவு போட்டவர் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலமாக இருந்தால், பூங்கா, விளையாட்டிடம் தவிர வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவது பெரிய சிக்கல். யாராவது ஒருவர் வழக்குப் போட்டாலே வேலை நின்றுவிடும். 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் சட்டமும் இருக்கிறது. பொது இடங்களில் சிலை, கட்டுமானத்துக்கு அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டதையும் எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டும்.

அதனால் விண்ணப்பத்தில் 'மண்டபம்', 'சிலை' என்ற சொற்கள் வேண்டாம். கூரையில்லாத சுவர், நடைபாதை, இருக்கை, மரம் என்று பூங்காவின் அங்கமாகவே வரைபடம் போடுங்கள். கல்லும் கான்கிரீட்டும் சேர்ந்து பூங்காப் பரப்பில் 20-இல் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களும் சண்டைக்கு வரமாட்டார்கள். மன்றத் தீர்மானம், ஆணையரின் எழுத்து உத்தரவு, மாவட்ட ஆட்சியரின் தடையின்மைச் சான்று இந்த மூன்றும் கையில் வரட்டும். கட்டி முடித்ததும் சொத்து நகராட்சியுடையது, சங்கத்துடையது அல்ல. பராமரிப்பு யார் பொறுப்பு, தண்ணீர், மின்கட்டணம் யார் தலையில் என்பதை ஒப்பந்தமாக எழுதி வாங்குங்கள். திரட்டிய பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைப்புநிதியில் போடுங்கள். கட்டும்போது எல்லோரும் தருவார்கள். பெயின்ட் அடிக்க ஒருவரும் தரமாட்டார்.

இடத்துக்கு ஓடும் காலத்திலேயே பெயர்ப் பட்டியலையும் தொடங்கிவிடுங்கள். கல்லைவிட அதற்குத்தான் நாள் பிடிக்கும்.

ஈரோடு: ராணுவ டேங்க் ஒன்று வாங்கி வைக்க ஆசை. எப்படிக் கிடைக்கும்?

சங்கத்தின் கடிதத்துக்கு டேங்க் வராது. உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ ராணுவத்துக்கு எழுத வேண்டும். சேவையிலிருந்து நீக்கிய வண்டி கையிருப்பில் இருந்தால் ஒதுக்குவார்கள். கொண்டுவரும் செலவு வாங்குகிறவருடையது.

ஆவடியில் செய்த விஜயந்தா டேங்கை எடுத்துக்கொண்டால் எடை சுமார் 39 டன், பீரங்கிக் குழலோடு நீளம் 10 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தாழ்தள டிரெய்லரும் கிரேனும் பூங்காவுக்குள் வரும் வழியில் வடிகால் மூடி, குடிநீர்க் குழாய் எல்லாம் நொறுங்கும். கீழே 11 × 4.5 மீட்டரில் 300 மி.மீ. கனத்துக்கு எம்25 கான்கிரீட் தளம், மேலும் கீழும் கம்பி வலையோடு வேண்டும். கரிசல் மண்ணென்றால் மண் பரிசோதனை செய்து, மண்ணை மாற்றிய பிறகுதான் தளம். மேல்மூடிகளைப் பற்றவைத்து அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் உள்ளே இறங்குவார்கள். வயிற்றுப் பகுதியில் வடிதுளை விடாவிட்டால் மழைநீர் தேங்கிக் கொசு வளரும்.

இதையெல்லாம் செய்த பிறகும் அது செல்ஃபி எடுக்கும் இடமாகத்தான் இருக்கும். என் யோசனை: வேண்டாம்.

மதுரை: எந்தக் கல் நல்லது? மார்பிள் போட்டால் வெள்ளையாக, கோயில் மாதிரி இருக்குமே?

மார்பிள் வேண்டவே வேண்டாம். மழையும் வாகனப் புகையும் பட்டால் மெருகு போய், எழுத்தின் ஓரம் மழுங்கிவிடும். பெயர் வெட்டக் கறுப்பு கிரானைட்தான். மெருகேற்றிய முகத்தில் மணல் பீய்ச்சி எழுத்தைத் தோண்டினால் உள்ளே வெளிர்சாம்பலாகத் தெரியும், வண்ணமே பூச வேண்டியதில்லை. சாம்பல் கல்லில் எழுத்து தெரியாது. தங்கப் பெயின்ட் நிரப்புவார்கள். மூன்று வெயிலில் அது உரியும். வாஷிங்டனில் 1982-இல் திறந்த வியட்நாம் போர் வீரர் நினைவுச் சுவருக்குக் கறுப்புக் கல் போனதே பெங்களூருப் பக்கமிருந்துதான்.

கடைக்காரர் 20 மி.மீ. பலகை காட்டுவார். 40 கேளுங்கள், காரணம் கடைசியில் வரும். 40 மி.மீ. கறுப்புக் கல் சதுர மீட்டருக்கு 120 கிலோ. அதைச் சிமென்ட் பசையில் ஒட்டிவிட்டுப் போனால் என்றைக்காவது யார் காலிலாவது விழும். ஒவ்வொரு பலகைக்கும் துருப்பிடிக்காத எஃகு ஊசியும் தாங்கியும். கடலோரம் என்றால் 316 தரம், உள்நாட்டில் 304 போதும். பின்னால் சிமென்ட் கலவை நிரப்பினால் இணைப்புகளின் வழியே வெள்ளை உப்பு வடியும். பலகைகளுக்கு நடுவே 6 மி.மீ. இடைவெளி விட்டு, அதை அடைக்கக் கல்லில் கறை பிடிக்காத வகை சீலன்ட் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண சிலிக்கானின் எண்ணெய் கல்லுக்குள் ஊறி ஓரமெல்லாம் ஈரமானதுபோல் நிற்கும்.

இன்னொன்று, புல்தரைத் தெளிப்பான். ஆழ்துளைக் கிணற்று நீர் கறுப்புக் கல்லில் பட்டுக் காய்ந்தால் வெள்ளைத் திட்டு. அதை நீக்க யாராவது ஆசிட் ஊற்றுவார்கள், மெருகு போச்சு.

சேலம்: சுவர் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும்? வாஸ்துப்படி…

வாஸ்து எனக்குத் தெரியாது, வெயில் தெரியும். எழுத்துள்ள முகம் கிழக்கு பார்க்கட்டும். காலை 8 மணி நிகழ்ச்சியில் நிற்பவர்களுக்கு வெயில் முதுகில் விழும், கல்லில் எழுத்து பளிச்சென்று தெரியும். மேற்கு பார்த்த கறுப்புக் கல்லை மாலை 4 மணிக்குத் தொட முடியாது. வடக்கு பார்த்தால் நிழல் என்று நினைப்பீர்கள். நம் ஊரில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை உச்சிவெயில் வடக்குப் பக்கமிருந்தே சாயும்.

தரைக்குக் கறுப்பு கூடாது. மலர் வைக்க வருகிறவர் செருப்பைக் கழற்றுவார். வெளிர் நிறத்தில், தீயால் சொரசொரப்பாக்கிய கிரானைட் போடுங்கள், மழையில் வழுக்காது.

தஞ்சாவூர்: தமிழில் வெட்டவா, ஆங்கிலத்திலா? எழுத்து என்ன அளவு?

தமிழில். ஒரு மீட்டர் தூரத்திலிருந்து படிக்க ஆங்கிலத்துக்கு 15 மி.மீ. உயரம் போதும். தமிழுக்கு 22 வையுங்கள். 'ணூ', 'ஞ', 'றூ' போன்றவற்றின் சுழிகள் சிறிய அளவில் மணலடியில் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். கோட்டின் தடிமன் குறைந்தது 2.5 மி.மீ., ஆழம் 2 முதல் 3.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. படை ஆவணத்தில் பெயர் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதில் ல, ள, ழ எல்லாம் ஒன்று. குறில் நெடில் தெரியாது. காளியப்பனா கலியப்பனா என்று ஆவணம் சொல்லாது, குடும்பம்தான் சொல்ல வேண்டும். நல அலுவலகப் பட்டியல், அந்தந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகம் (மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன்), பிறகு குடும்பம் என்று மூன்றையும் ஒப்பிடுங்கள். பட்டியலை நகராட்சி அறிவிப்புப் பலகையில் 30 நாள் ஒட்டி வையுங்கள். விடுபட்டவர் இருந்தால் அப்போது தெரியும்.

அப்புறம் எழுத்துரு. கல் வெட்டும் கடைகளில் பழைய எழுத்துருக்கள்தான் ஓடும். உங்கள் யூனிகோடு கோப்பை அதில் திறந்தால் 'கொ'வின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். கடைப் பையன் கையால் சரிசெய்வான், பத்தில் ஒன்றைத் தவறவிடுவான். எழுத்துகளைக் கோட்டுருவமாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வரைகோடுகளாக) மாற்றிய கோப்பாகக் கொடுங்கள். கல்லின் அளவிலேயே தாளில் அச்செடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குடும்பத்தார் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்தில்லாத பெயர் கல்லுக்குப் போகக் கூடாது.

நாகர்கோவில்: பெயர்களை எந்த வரிசையில் போடுவது? சங்கமே இரண்டாகப் பிளந்து நிற்கிறது.

இறந்த தேதி வரிசையில். பதவியைப் பெயரோடு எழுதுங்கள், வரிசைக்கு அதைக் கொண்டுவராதீர்கள்.

கோயம்புத்தூர், ஓய்வுபெற்ற சுபேதார்: ஒப்புக்கொள்ள முடியாது சார். பதவி வரிசை படையின் மரபு. கர்னல் பெயருக்கு மேலே சிப்பாய் பெயரா?

அணிவகுப்பில் உங்கள் மரபு சரி, சுபேதார் சாப். கல்லறையில் படையின் வழக்கமே வேறு. சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறைக்குப் போய்ப் பாருங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் முதல் உலகப் போர்க் காலத்திலிருந்தே வைத்திருக்கும் விதி, பதவி எதுவானாலும் ஒரே அளவுக் கல்.

காரைக்குடி: இரண்டும் வேண்டாம், அகர வரிசை போடுங்கள். தேடுகிறவருக்கு அதுதானே சுலபம்?

மு. பழனி 'மு'வில் வருவாரா 'ப'வில் வருவாரா? தலைப்பெழுத்தை ஒரு குடும்பம் தமிழில் கேட்கும், இன்னொன்று 'எம்.' என்றுதான் வேண்டும் என்னும். ஒருவர் தந்தை பெயரை முழுதாகச் சேர்க்கச் சொல்வார். அகர வரிசை நாலாம் பெயரிலேயே உடையும். வியட்நாம் சுவரில் 58,000-த்துக்கும் மேற்பட்ட பெயர்கள் தேதி வரிசையில்தான் நிற்கின்றன. தேட அகர வரிசைப் பதிவேடு பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு 40 பெயர், ஒரு சின்னப் பலகை போதும்.

கோயம்புத்தூர் சுபேதார் மீண்டும்: அமெரிக்காக்காரன் செய்ததெல்லாம் நமக்கு எதற்கு?

சரி, நம்முடையதையே பார்ப்போம். செங்கம் பகுதி நடுகற்களில் முதலில் வருவது அரசனின் ஆட்சியாண்டு. எந்த ஆண்டு, யாருடைய ஆள், என்ன பூசல், இன்னார் பட்டான், அவ்வளவுதான். புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழி எழுத்து நடுகல் இன்னும் சுருக்கம்: ஆள் பெயர், ஊர், ஆகோள் (மாடு கவரும் பூசல்). கல்லில் யாரை எப்படி எழுதுவது என்று நம்மூரில் யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தேதி வரிசையில் ஒரே சண்டையில் விழுந்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். பதவி வரிசை போட்டால் அவர்களைப் பிரித்துவிடுவீர்கள்.

கோயம்புத்தூர் சுபேதார்: பதவியை முழுதாக எழுதுவீர்கள் அல்லவா? அப்படியானால் யோசிக்கிறேன்.

முழுதாகவே. எண், பதவி, பெயர், படைப்பிரிவு, இடம், தேதி.

விருதுநகர்: எங்கள் ஊரில் வீழ்ந்தவர் ஆறு பேர், உயிரோடிருக்கும் முன்னாள் வீரர் நானூறு பேர். எல்லோர் பெயரும் வேண்டுமென்கிறார்கள். நடைபாதைக் கல்லில் பெயர் போடலாமா?

பெயரை மிதிக்க வைக்காதீர்கள். வெளிநாட்டில் செங்கல்லில் பெயர் போட்டுத் தரையில் பதிப்பார்கள். நம்மவர் எழுத்தின் மேல் கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுகிறவர்கள். வீழ்ந்தவர் பெயர் சுவரில். மற்றவர்க்குப் படைப்பிரிவுகளின் பெயர்கள் ஒரு தனிப் பலகையில்.

யாரைச் சேர்ப்பது என்ற விதியைப் பட்டியலுக்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதித் தீர்மானமாக்குங்கள். சொந்த ஊரா, குடியேறிய ஊரா? போரில் இறந்தவர் மட்டுமா, பணியில் விபத்தில் இறந்தவருமா? சி.ஆர்.பி.எஃப்., எல்லைப் பாதுகாப்புப் படை உண்டா? ஊர் நினைவிடத்தில் சேர்க்கலாம் என்பேன். பெயரைக் கண்டபின் விதி எழுதினால் அது பகையாகும்.

கரூர்: அணையா விளக்கு?

கணக்குப் போடுங்கள். மணிக்கு 300 கிராம் எரியும் சிறிய பர்னர்கூட 19 கிலோ சிலிண்டரை மூன்று நாளுக்குள் முடிக்கும். ஆண்டுக்கு ஏறக்குறைய 140 சிலிண்டர். ராத்திரி காவலுக்கு ஆள் வேறு. நிகழ்ச்சி நாளில் மட்டும் ஏற்றுங்கள்.

திண்டுக்கல்: நூறடிக் கொடிமரம் வைக்கத் திட்டம்.

அந்த உயரத்துக் காற்றில் கொடி அடிக்கடி கிழியும். கிழிந்த கொடியைப் பறக்கவிடுவது கொடி விதிக்கு மாறு. 9 மீட்டர் கம்பம், 1800 × 1200 மி.மீ. கொடி, மாற்றுக் கொடி இரண்டு கைவசம். நான்குதலைச் சிங்கச் சின்னத்தைக் கம்பத்தடியில் பதிக்கவும் வேண்டாம். சங்கங்கள் அதைப் பயன்படுத்த 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

நாமக்கல்: டேங்க் கிடைக்குமா?

ஈரோட்டுக்குச் சொன்னது.

புதுக்கோட்டை: என்ன மரம் வைக்கலாம்?

மகிழம். பசுமை மாறாது, நிழல் அடர்த்தி, பூவுக்கும் மணம். சுவரிலிருந்து 6 மீட்டர் தள்ளி. ஆலும் அரசும் அடித்தளத்தைப் பெயர்க்கும். நாவல் தரையெல்லாம் ஊதாக் கறை. குல்மொகர் புயலில் முறியும். நாகலிங்கப் பூ அழகுதான், அந்தக் காய் தலையில் விழுந்தால் தெரியும்.

கடலூர்: துப்பாக்கியோடு வீரர் சிலை, ஃபைபரில், தங்க வண்ணத்தில்…

சிலை என்றால் அரசு அனுமதி வேறு பாதை, நீண்ட பாதை. ஃபைபர் சில ஆண்டில் வெளுத்துப் பொடியும். சிற்பிக்குச் சீருடை தெரியாது. பெல்ட், பட்டை, துப்பாக்கி பிடிக்கும் கை எல்லாம் தப்பாக வரும், உங்கள் உறுப்பினர்களே முதலில் சிரிப்பார்கள்.

ராமநாதபுரம்: 'தியாகிகள் நினைவிடம்' என்று பெயர் வைக்கலாமா?

நம் ஊரில் தியாகி என்றால் விடுதலைப் போராட்டக்காரர், அல்லது மொழிப்போர். படையும் அந்தச் சொல்லை அதிகாரபூர்வமாக ஆள்வதில்லை. 'வீரமரணம் அடைந்தோர்' போதும்.

திருவண்ணாமலை: எந்த நாளில் திறப்பது? நிகழ்ச்சிக்கு எவ்வளவு இடம் விட வேண்டும்?

முன்னாள் படைவீரர் நாள் ஜனவரி 14, ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஜெனரல் கரியப்பா 1953-இல் ஓய்வுபெற்ற நாள். நமக்கு அது போகியோ பொங்கலோ, கூட்டம் வராது. டிசம்பர் 7 கொடிநாள், டிசம்பர் 16 (1971 போர் வெற்றி நாள்), ஜூலை 26 (கார்கில் வெற்றி நாள்) இவற்றில் ஒன்று. டிசம்பர் என்றால் மழைக்கு ஏற்பாடு வேண்டும். சுவருக்கு முன் 3 மீட்டர் அணிக்கு, அதன்பின் 5 மீட்டர் மக்களுக்கு. சாய்தளம் 1:12 (12 அடி நீளத்துக்கு ஓரடி ஏற்றம்), அகலம் 1.5 மீட்டர். வருகிறவர் பலருக்கு எழுபது வயதுக்கு மேல். கைப்பிடி வைத்த இருக்கை, 450 மி.மீ. உயரத்தில், நிழலில்.

திறந்துவைத்தவர், முன்னிலை வகித்தவர், தலைமை தாங்கியவர் கல்வெட்டைப் பூங்கா வாசலில் வையுங்கள். வீழ்ந்தவர் பெயரைவிடப் பெரிய எழுத்தில் எந்தப் பெயரும் சுவர்ப் பக்கம் வரக் கூடாது.

தேனி: போர் விமானம்…

டேங்க் பதிலையே படியுங்கள்.

வேலூர்: எங்கள் சுவர் போன வருஷமே முடிந்துவிட்டது. இப்போது ஒரு பெயரில் 'ர'வுக்குப் பதில் 'ற' விழுந்திருக்கிறது. இன்னொரு குடும்பம் பெயரே விடுபட்டது என்று வந்து நிற்கிறது. என்ன செய்ய?

பசையும் கல்பொடியும் வைத்து அடைக்காதீர்கள், வெயிலில் தனி நிறமாகத் தெரியும். 40 மி.மீ. பலகையாக இருந்து, ஊசியில் நின்றால், அந்த ஒரு பலகையை மட்டும் இறக்கி, முகத்தை 3 முதல் 4 மி.மீ. தேய்த்து மறுபடி மெருகேற்றி, அதிலுள்ள எல்லாப் பெயரையும் புதிதாக வெட்டலாம். அதற்காகத்தான் மேலே 40 என்றேன். அதற்காகத்தான் பலகை 900 × 600 மி.மீ. அளவில், சில பெயர்களோடு சிறியதாக இருக்க வேண்டும். ஒட்டிய 20 மி.மீ. என்றால் உடைத்து எடுத்துப் புதுக்கல்தான்.

விடுபட்டவரைத் தேதி வரிசையில் நடுவே செருக முடியாது. கடைசிப் பலகையில் காலி இடம் விட்டிருந்தால் அங்கே, தேதியோடு. விடவில்லையென்றால் இன்னொரு பலகை. வெட்டும் முன் அந்தக் குடும்பத்திடம் கையெழுத்து வாங்குங்கள்.