முதுகில் வாங்கும் வெடி: மினிமேப்பை எப்போது, எப்படிப் பார்ப்பது?

கேள்வி: களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதுகிறேன். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன், இரவில் வலோரன்ட் (ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் துப்பாக்கி கேம்) விளையாடுகிறேன். குறி தப்பாது. ஆனாலும் முக்கால்வாசி முதுகில் வெடி வாங்கித்தான் சாகிறேன். "மேப்பைப் பார்" என்று டீமில் கத்துகிறார்கள், திரை மூலையில் இருக்கிற குட்டி வரைபடமான மினிமேப்பைத்தான். பார்த்தால், அந்த நேரம் பார்த்து முன்னால் வருகிறவன் அடித்துவிடுகிறான். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, அவர்கள் கத்துவதும் நியாயம், நீங்கள் சாவதும் நியாயம். எப்போது பார்ப்பது, எதைப் பார்ப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

முதலில் செட்டிங். நீங்கள் திரும்பும்போதெல்லாம் மினிமேப்பும் சுழல்கிறதா? அதை நிறுத்துங்கள். தாக்கும் பக்கம், காக்கும் பக்கம் என்று மாறினாலும் ஏ சைட் (ஸ்பைக் என்னும் குண்டை வைக்கும் இடங்களில் ஒன்று) அதே மூலையில் இருக்கும்படி வையுங்கள். உங்களை நடுவில் வைக்கும் தெரிவையும் அணைத்தால் முழு மேப்பும் கண்ணில் இருக்கும்.

ஒரு மூலையைக் குறிவைத்து நிற்கும்போது மேப் பக்கம் போகவே வேண்டாம். ரீலோட் செய்யும்போது, சுவர் மறைவில் ஓடும்போது, ஒருவனை வீழ்த்திவிட்டு ஒதுங்கியதும் அரை நொடி பாருங்கள், போதும்.

எதிரியைக் காட்டும் சிவப்புப் புள்ளியை எல்லோரும்தான் பார்ப்பார்கள். நீங்கள் தேட வேண்டியது, உங்கள் ஆட்களின் பார்வைக் கூம்பு (அவர்கள் பார்க்கும் பகுதியை மேப்பில் காட்டுவது) ஒன்றும் விழாத வழியை. முதுகுக்கு வெடி அங்கிருந்துதான் வரும்.

உங்கள் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். களுவாஞ்சிக்குடியில் பைக் ஏறியவன் மட்டக்களப்பு டவுனுக்கு வருகிறான் என்று வையுங்கள். நேர்வழி காத்தான்குடி தாண்டிக் கல்லடிப் பாலம். அங்கே உங்கள் நண்பன் நிற்கிறான், அவன் கண்ணில் ஆள் படவில்லை. அப்படியென்றால் பட்டிருப்பிலோ மண்முனையிலோ பாலம் கடந்து, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையால் சுற்றி, வலையிறவுப் பாலத்தால் வருகிறான். இல்லாவிட்டால் இன்னும் புறப்படவே இல்லை. சுற்றுவழி என்பதால் பிந்தித்தான் வருவான். கல்லடியில் ஆளைக் காணாததே உங்களுக்குச் செய்தி.

இதையே வலோரன்டின் ஹேவன் மேப்பில் வைத்துப் பாருங்கள். அங்கே மூன்று சைட். நீங்கள் சி-யைக் காக்கிறீர்கள், ஏ-யில் மூன்று பேரைக் கண்டதாகக் குரல் வருகிறது. எல்லோரும் அங்கே பாய்வார்கள். ஆனால் ஐந்தில் மூன்று போக இரண்டு பேர் கணக்கில் இல்லையே! நீங்களும் ஓடினால் சி-க்கு வரும் பாதையான கராஜ் வழியாக வருகிற அந்த இருவருக்கும் உங்கள் முதுகுதான் தெரியும். "மூன்று ஏ-யில், இரண்டைக் காணோம்" என்று வாய்விட்டே சொல்லிப் பழகுங்கள். நான் அப்படித்தான் பழகினேன். யாரோடு கதைக்கிறாய் என்று அம்மா கேட்பார், பரவாயில்லை.

இன்னொன்று, ஷிஃப்டை அழுத்தி நடப்பவனின் காலடி கேட்காது. சத்தம் இல்லை என்பதற்காக ஆள் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். மெதுவாக வருகிறான் என்று நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அந்த நேரம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமே. கஸ்டம் கேமில் தனியே இறங்கி, போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு, சைட்டுக்கு சைட் ஓடினால் எத்தனை நொடி, நடந்தால் எத்தனை நொடி என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்தவனுக்கும் செய்யாதவனுக்கும் வித்தியாசம் தெரியும். ஒரு ரவுண்டுக்கு இருப்பது 100 நொடி. ஸ்பைக் வைத்தபின் வெடிக்க 45, அதைச் செயலிழக்கச் செய்ய 7. ஆகவே சைட்டை மீட்க மிஞ்சுவது 38. வேறு சைட்டில் நிற்கும் நீங்கள் அதற்குள் போய்ச் சேருவீர்களா என்பதைக் கொப்பி சொல்லும்.

செத்ததும் போனை எடுக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். சுட வேண்டிய வேலை இல்லாமல் மேப்பை மட்டும் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. மிஞ்சியிருப்பவர்களில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு வெடி எந்தப் பக்கத்தால் வரும் என்று வருமுன்னே மனதுக்குள் சொல்லுங்கள். முதல் வாரம் பெரும்பாலும் நீங்கள் சொல்வது தப்பாகத்தான் இருக்கும்.