‘அரிதாகிவிட்டது’ என்பதை ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் சொல்லலாம்?

குறைந்துபோன எதைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் ‘பிகமிங் ரேர்’ என்ற ஒன்றுதான் கைக்கு வருகிறது, வேறு தொடர்கள் என்ன இருக்கின்றன, எதை எங்கே போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பதுதான் எனக்குப் பிழைப்பு. இந்த விஷயத்தில் நான் பட்ட அசிங்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பாறுக் கழுகுகளைப் பற்றி ஒரு சின்னத் துண்டுப் பிரசுரம் வந்தது. விடிந்தால் அச்சுக்குப் போக வேண்டும். தலைப்பு ‘அருகி வரும் பாறுகள்’. இரவு இரண்டு மணிக்கு ‘தி அப்ரோச்சிங் வல்ச்சர்ஸ்’ என்று தட்டி அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் போன். “சார், பாறு எல்லாம் நம்மள நோக்கி வருதுன்னு போட்டிருக்கீங்க. வந்தா சந்தோஷம்தான்!” அருகுதல் என்றால் குறைதல் என்பது எனக்குத் தெரியாததல்ல. தூக்கம் கண்ணைக் கட்டிவிட்டது.

அவசரமாக ‘பிகமிங் ரேர்’ என்று திருத்தினேன். அதுவும் சரியில்லை என்று பிறகுதான் உறைத்தது. வெண்முதுகுப் பாறு இந்தியாவில் 1990களின் தொடக்கத்திலிருந்து 2007க்குள் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்துபோனது. மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. கால்நடைகளுக்கு அந்த மருந்து 2006இல் தடை செய்யப்பட்டது. இவ்வளவு நடந்த பிறகு ‘பிகமிங் ரேர்’ என்பது, வீடே இடிந்து விழுந்ததைச் சுவரில் விரிசல் என்று சொல்வது மாதிரி. அங்கே வேண்டியது ‘ஹேவ் ஆல் பட் வானிஷ்டு’. இந்த ‘ஆல் பட்’டைப் பார்த்து ‘எல்லாம், ஆனால்’ என்று குழம்பாதீர்கள். ‘கிட்டத்தட்ட’ என்றுதான் பொருள். ‘எக்ஸ்டிங்ட்’ போட முடியாது, அது பூண்டோடு போன பிறகு சொல்வது. நீலகிரிப் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் பாறுகள் கூடு கட்டுகின்றன.

இன்னொன்று, ‘ரேர்’ என்ற சொல்லுக்குள் குறைந்து வருகிறது என்ற பொருளே கிடையாது. மூணாறுப் பக்கம் நீலக்குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒருமுறை பூக்கிறது, கடைசியாக 2018இல் கூட்டமாகப் பூத்தது. அந்தப் பூக்காலம் ரேர். அதற்காக அது குறைந்துகொண்டே வருகிறது என்று ஆகாது. மழையில் வரத்து குறைந்து தக்காளி கிடைக்காமல் போனால் அது ‘ஸ்கேர்ஸ்’. தேவை இருக்கிறது, சரக்கு இல்லை, அவ்வளவுதான். அடுத்த மாதம் லாரி வந்தால் சரியாகிவிடும்.

ஆகவே நான் தொடரைத் தேடுவதற்கு முன்னால், அது எப்படிக் குறைந்தது, யார் குறைத்தார்கள், முழுக்கப் போய்விட்டதா என்று பார்த்துக்கொள்கிறேன். தந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு போன் வந்தது, செல்போன் வந்தது, குறுஞ்செய்தி வந்தது, தந்தி கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது. அந்தத் தேய்மானத்துக்கு ஆங்கிலத்தில் ‘ட்விண்டில்’ என்று அழகான வினைச்சொல் இருக்கிறது. பிறகு 2013 ஜூலையில் சேவையையே நிறுத்தினார்கள். அது ‘டிஸ்கண்டின்யூடு’. இரண்டும் வேறு வேறு சம்பவம், ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது. ஈயம் கலந்த பெட்ரோல் கதை வேறு. முதலில் பெருநகரங்களில், பிறகு மற்ற இடங்களில் என்று படிப்படியாக விலக்கி, 2000இல் நாடு முழுக்க நிறுத்தினார்கள். அரசு திட்டம் போட்டுச் செய்தது, எனவே ‘ஃபேஸ்டு அவுட்’. யாரோ ஒருவர் கை வைக்காமல் எதுவும் ஃபேஸ் அவுட் ஆகாது. ஊரில் பல்லாங்குழி ஆட்டம் குறைந்ததற்கு எந்த அமைச்சகமும் உத்தரவு போடவில்லை. அதைப் போய் ‘ஃபேஸ்டு அவுட்’ என்று எழுதினால் சிரிப்புத்தான் வரும்.

தட்டச்சு இயந்திரம் கொஞ்சம் சிக்கலான கேஸ். வெளியூர்க்காரர் ‘அப்ஸலீட்’ என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். ஆனால் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வீடு வந்த பிறகும் தமிழ்நாட்டில் லோயர், ஹையர் தேர்வுகளை மாணவர்கள் வருடக்கணக்கில் அந்த இயந்திரத்தில்தான் எழுதினார்கள். காலம் கடந்துகொண்டிருக்கிறது, இன்னும் முழுசாகக் கடக்கவில்லை என்ற நிலைக்கு ‘அப்ஸலெஸன்ட்’ என்று தனிச் சொல் உண்டு. வாலில் இருக்கும் சின்ன வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதே இல்லை.

‘ஆன் த வேன்’ எனக்குப் பிடித்த தொடர். வேன் என்பது நிலவு தேய்வது, நம்முடைய தேய்பிறையேதான். அதனால் செல்வாக்கு, மோகம், ஆர்வம் மாதிரி ஏறி இறங்குபவற்றுக்குப் பொருந்தும். ஒரு நடிகரின் மவுசு ஆன் த வேன் ஆகலாம். ‘ஃப்யூ அண்ட் ஃபார் பிட்வீன்’ என்பது நம் ‘அங்கொன்றும் இங்கொன்றுமாக’ தான், இழைத்து வைத்த மாதிரி பொருந்துகிறது. ‘எ திங் ஆஃப் த பாஸ்ட்’ என்றால் அந்தக் காலம் மலையேறிவிட்டது. ‘டோடோ போன வழியில் போயிற்று’ என்றும் சொல்வார்கள். மொரீஷியஸ் தீவில் 17ஆம் நூற்றாண்டோடு முடிந்துபோன பறக்காத பறவை அது. ஆனால் அதில் ஒரு கிண்டல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃபேக்ஸ் மெஷினுக்குச் சொல்லுங்கள், உங்கள் பாட்டியின் கைவைத்தியத்துக்குச் சொல்லாதீர்கள்.

இலக்கணத்தில் நம்மவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ‘வாஸ் டிஸப்பியர்டு’, ‘வாஸ் டைடு அவுட்’. இவை தானாக நடப்பவை, ‘வாஸ்’ ஒட்டாது. ‘லெஸ்ஸர் அண்ட் லெஸ்ஸர் பீப்பிள்’ என்பதும் வேண்டாம், எண்ணக்கூடிய ஆட்கள் என்பதால் ‘ஃப்யூவர் அண்ட் ஃப்யூவர்’. அப்புறம் அந்த ஒற்றை எழுத்து ‘அ’. ‘அ ஃப்யூ ஷாப்ஸ் செல் இட்’ என்றால் சில கடைகளில் கிடைக்கும், போய் வாங்கலாம். ‘அ’வை எடுத்துவிட்டு ‘ஃப்யூ ஷாப்ஸ் செல் இட்’ என்றால் விற்பவர்களே அபூர்வம், அலைய வேண்டியதுதான்.

கடைசியாக ‘டையிங் ஆர்ட்’. இதை நான் இப்போது தொடுவதில்லை. கன்னியாகுமரி மாவட்டத் தோல்பாவைக்கூத்து பற்றிய ஒரு கட்டுரையை ஆங்கிலப்படுத்தினேன். மூலத்தில் ‘நலிந்து வரும் கலை’ என்றிருந்தது, நான் ‘டையிங் ஆர்ட்’ என்று போட்டேன். நலிவது வேறு, சாவது வேறு. கூத்துக்காரர் ஒருவரின் மகன் படித்துவிட்டு, கட்டுரையாளரிடம் என் எண்ணை வாங்கிக் கூப்பிட்டார். “அண்ணே, போன வாரம்தான் கோயில் கொடைக்கு ராத்திரி முழுக்க ஆட்டினோம். நாங்க எப்ப செத்தோம்?” மன்னிப்புக் கேட்டேன். ‘ஒரு கை விரலுக்குள் அடங்கும் குடும்பங்கள்’ என்று பொருள்படும்படி, ‘ஒன்லி எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் ஃபேமிலிஸ்’ என்று மாற்றலாமா என்று கேட்டேன். “ஒரு நிமிஷம் இருங்க” என்று சொல்லிவிட்டு, பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு, பக்கத்து ஊர் அத்தான் வீடு என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். நானும் இந்தப் பக்கம் விரலை மடக்கிக்கொண்டே வந்தேன். ஒரு கை போதவில்லை.